ஜன்னலோரம் நின்று படித்தவன்

உப்புத் தண்ணீரில் நனைந்து, துவட்டாமல் அப்படியே காய்ந்த தலைமுடிக்கு ஒரு வாசனை உண்டு. அது மீன் வாசனை இல்லை. ஈரக் கயிறும் கடற்பாசியும் கலந்ததுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் அந்த வாசனை என் சட்டையின் இடது தோளில் ஒட்டிக்கொண்டது. அம்மா அன்று மாலையே சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டாள் என்றாலும், எனக்கு அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

அது 1974ஆம் ஆண்டு. சாயல்குடியிலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் என் அய்யா ஐந்தாம் வகுப்பு வாத்தியாராக இருந்தார். உள்நாட்டுக் கிராமத்தில் மிளகாயும் கம்பும் போடுகிற குடும்பம் எங்களுடையது. காலையில் என்னைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போவார். பள்ளிக்கூடத்து உடைமரம் கண்ணில் பட்டதும் இறக்கிவிட்டுவிடுவார். அங்கிருந்து அவர் சார், நான் இருக்கிற பையன்களில் ஒருவன். மகனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பாக இருந்ததால், அந்த வருடம் முழுவதும் வகுப்பில் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் கையைத் தூக்குவேன், அவர் பார்வை என் தலைக்கு மேலாகப் போய்விடும். பையன்கள் அதையும் விடவில்லை. "ஏலே வாத்தியார் மகனே, கையக் கீழ போடுடா, காத்து மறைக்குது" என்பார்கள்.

அந்தப் பார்வை எங்கே போய் நின்றது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். மீனவக் குடியிருப்பிலிருந்து வந்த சூசை, விடியும் முன்பே பெரியவர்களோடு கரைவலை இழுத்துவிட்டு ஈரத் தலையோடு வகுப்புக்கு வருவான். பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், தூங்கிவிடுவான். மற்ற வாத்தியார்கள் பிரம்பால் எழுப்பிப் பார்த்து அலுத்துப் போயிருந்தார்கள். அய்யாதான் அவனை ஜன்னலோரம் நிற்கவைத்துப் பார்த்தார். காற்று முகத்தில் அடிக்க நின்றுகொண்டே அவன் முழுப் பாடத்தையும் கேட்டான். "நின்னா முழிச்சுக்கிருவான்" என்று அய்யா எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அதன்பின் அந்த ஜன்னல் அவன் இடமானது. அய்யா பாடம் நடத்திக்கொண்டே நடந்து நடந்து கடைசியில் அங்கேதான் போய்ச் சேருவார். அவன் பிடரியில் கையை வைத்துக்கொண்டே அடுத்த வரியைச் சொல்வார். வீட்டிலும் அந்தக் கை என் பிடரிக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஓர் இளைஞர் எங்கள் வகுப்புக்கு வந்தார். பாடம் நடத்த வரவில்லை. வாத்தியார் எப்படிச் சொல்லித் தருகிறார், பிள்ளைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று கவனித்து எழுதுவதற்காகக் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அடிக்காமல், அதட்டாமல், சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு சார் இருக்க முடியும் என்பதே எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. அவருக்குப் "பாக்குற சார்" என்று பேர் வைத்தோம். இவராவது என்னைப் பார்ப்பார் என்று நம்பி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, எழுத்தை அழகாக எழுதி, என்னென்னவோ செய்தேன். அவரும் சூசையைத்தான் பார்த்தார். பதில் சொல்வதைவிடக் கேள்வி கேட்பதில்தான் அவன் கெட்டிக்காரன். பூமி சுற்றுவதை அய்யா விளக்கிக்கொண்டிருந்தபோது, "அப்ப நாம தூங்கும்போது பூமி நம்மளத் தூக்கிட்டுப் போகுதா சார்?" என்றான். பின்னால் பேனா நிற்காமல் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஒருநாள் இரவு அய்யா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் படுத்தபடியே கேட்டேன். ஐந்தாவது முடிந்ததும் சூசையை அவன் அப்பா மீன்பிடி வள்ளத்துக்கு அனுப்பப் போகிறார். பயிற்சிப் பள்ளியின் பெரிய விரிவுரையாளர் நம் வகுப்பைப் பார்க்க வருகிறார். அவர் ஒருமுறை அந்தப் பையன் கேள்வி கேட்பதைக் கேட்டுவிட்டால் போதும், இராமநாதபுரத்தில் செலவில்லாத விடுதிப் பள்ளியில் சொல்லி இடம் வாங்கித் தந்துவிடுவார். "இவன விட்றக் கூடாது" என்றார் அய்யா. அவர் குரலில் அப்படி ஓர் ஆசையை நான் என் விஷயத்தில் கேட்டதேயில்லை.

விரிவுரையாளர் வந்த காலையில், மணி அடிப்பதற்கு முன் சூசை வழக்கம்போல ஜன்னலைப் பார்த்து நடந்தான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"ஏலே, இன்னைக்கு நிக்கக் கூடாதாம்டா. பெரிய சார் வாராரு, எல்லாரும் உக்காந்துதேன் இருக்கணும்னு அய்யா சொன்னாரு."

"நெசமாவா?"

"நெசமாத்தேன். இங்கன எம் பக்கத்துல உக்காரு."

வாத்தியார் மகன் சொன்னதை அவன் எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? உட்கார்ந்தான். விரிவுரையாளரோடு உள்ளே வந்த அய்யா வெறும் ஜன்னலைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் அவனைத் தேடிக் கண்டுபிடித்தார். புது ஆள் முன்னால் நிற்கக் கூச்சப்படுகிறான் என்று நினைத்திருப்பார்; பாடத்தைத் தொடங்கிவிட்டார். கொஞ்ச நேரம் சூசை கண்ணை அகல அகலத் திறந்து போராடியது எனக்குத் தெரிந்தது. பிறகு அவன் தலை மெல்லச் சரிந்து என் இடது தோளில் வந்து நின்றது. நான் அசையாமல் இருந்தேன்.

"சூசை, நீ சொல்லு" என்றார் அய்யா. இன்னொரு முறை கூப்பிட்டார். விரிவுரையாளர் எட்டிப் பார்த்தார். அப்போது அய்யாவின் பார்வை சூசையின் முகத்திலிருந்து, தலை சாய்ந்திருந்த தோள் வழியாக, என் முகத்துக்கு வந்தது. அந்த வருடத்தில் முதல்முறையாக, "சரி, நீ சொல்லு" என்றார்.

நான் எழுந்தேன். என் தோள் விலகியதும் சூசையின் தலை பெஞ்சின் விளிம்பில் இடித்து உதடு கிழிந்தது. வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே, இரவும் பகலும் உண்டாவது எப்படி என்று புத்தகத்தில் இருந்தபடியே ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தேன். விரிவுரையாளர் "குட்" என்றார். அந்தக் "குட்" எனக்கு இனித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பில் தூங்குகிற பையன் விடுதியில் தாங்கமாட்டான் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அய்யா சூசையை வராந்தாவுக்கு அழைத்து ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டார். அவன் உதட்டுரத்தத்தைப் புறங்கையால் துடைத்தபடி, வாசலில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தான். என் பொய் அவனுக்குப் புரிந்துவிட்டது. "கால் வலிச்சுச்சு சார்" என்றான்.

ஆனால் பாக்குற சார் காலையில் நான் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்ததைப் பார்த்திருந்தார். சாயங்காலம் உடைமரத்தடியில் அவரும் அய்யாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சின் நடுவே அய்யா திரும்பி என்னைப் பார்த்தார். அடி விழும் என்று இரவெல்லாம் காத்திருந்தேன், விழவில்லை. கோடை விடுமுறைக்குப் பின் சூசை வள்ளத்துக்குப் போய்விட்டான். ஆறாம் வகுப்புக்கு நான் சாயல்குடிக்குப் போகுமுன், அய்யாவைப் பார்க்க ஒருநாள் பழைய வகுப்புக்குப் போனபோது, காலியாகக் கிடந்த அந்த ஜன்னலோரம் போய் நின்றேன். "அங்கன நிக்காத" என்றார். அவ்வளவுதான், காரணம் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்தியார் சங்கத்து வேலை என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வேட்டியெல்லாம் மணலோடு வருகிறாரே என்று அம்மா சலித்துக்கொள்வாள்.

படித்து, ஆசிரியப் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராகி, நானும் ஊர் ஊராகப் போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவன் ஆனேன். 2009இல் அந்த வேலையாகவே என் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அய்யா இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பேத்தியைப் பள்ளியில் விட வந்த ஒருவர் வாசலில் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க வாத்தியார் மகன்தான?" என்றார். உதட்டுத் தழும்பைப் பார்த்துத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க இத்தனை வருடமாக மனதில் சேர்த்துவைத்ததைச் சொல்லத் தொடங்கினேன். சூசை இடைமறித்தான்.

"தெரியும் சார். அய்யா அப்பவே எங்கிட்டச் சொல்லி வருத்தப்பட்டாரு."

"எப்ப?"

"ஞாயித்துக்கெழம கரைக்கு வருவாருல்ல, அப்ப. வள்ளத்து நெழல்ல வச்சு ரெண்டு மூணு வருசம் சொல்லிக் குடுத்தாரு. எனக்குக் கண்ணச் சொருகிரும். எழுப்பமாட்டாரு. நான் முழிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பாரு."

மணலோடு வந்த வேட்டி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. நாற்பத்தைந்து வயதில், தலை நரைத்து, செத்துப்போன தகப்பன் ஒரு பையன் தூங்கி விழிப்பதற்காகக் காத்திருந்ததை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. மன்னிப்பு நாக்கிலேயே நின்றுவிட, வேறொன்றைக் கேட்டேன்.

"அப்ப என்னையப் பத்தி எதுவும் சொல்வாரா?"

சூசை கடற்பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "நெறையச் சொல்வாரு சார்" என்றான். கால் வலித்ததாக அன்று சொன்ன அதே குரல்.

இப்போது நான் ஓய்வுபெற்றுவிட்டேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே போய்ப் பார்த்தேன். உடைமரம் இல்லை. எங்கள் வகுப்பறையைச் சாமான் அறையாக்கி, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். அவன் நின்ற இடத்தில் ஒரு பீரோ நிற்கிறது.