தழும்பனுக்குத் தழும்பு வந்த விதம்

இந்த மலையில் காகிதம் வீங்கும். வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. பெட்டிக்குள் வைத்த புத்தகத்தை ஆடி கழிந்து எடுத்தால் ஊறிய அவல் மாதிரி உப்பியிருக்கும். ரேஷன் கார்டும் அப்படித்தான். தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில் காகிதம் வேறு விதமாகச் சாகும். காய்ந்து, மடித்த இடத்தில் அப்பளம் போல ஒடியும். இங்கே அடுப்புக்கு மேலே ஒரு பலகை அடித்திருப்போம். ஈர விறகும் அதில்தான், காகிதமும் அதில்தான். கேரளத்தில் பீர்மேட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து முப்பத்துநான்கு வருஷம் ஆகிறது. அடுப்புப் பலகை இன்னும் எனக்குப் பழகவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல மலை ஏறியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். நடந்ததை மட்டும் எழுதத் தெரியும்.

என் பலகையில் ஒரு படக்கதைப் புத்தகத்தின் பின்பாதி இருக்கிறது. முன்பாதி ஊரில் செல்லத்துரையிடம். அவன் என்னோடு படித்தவன், இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறான். அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு புத்தகம்தான். நடுவில் அடித்த பின்னை நெம்பி எடுத்து இரண்டாகப் பிரிப்போம். அவன் முதல் பாதியைப் படிக்கும்போது நான் முடிவைப் படித்துவிடுவேன். பிறகு மாற்றிக்கொள்வோம். நான் மலை ஏறின அன்று மாற்றிக்கொள்ள நேரமில்லை. பாதியோடு பஸ் ஏறிவிட்டேன். அந்தக் கதையின் ஆள் பெயர் தழும்பன். நல்லவன் இல்லை. கப்பல் சரக்கைத் திருடுவான், போலீஸையும் அடிப்பான், காசு வாங்காமல் யாருக்கும் உதவமாட்டான். ஒரு படக் கட்டத்துக்குள் மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். இடது தாடையிலிருந்து கண் வரைக்கும் ஒரு தழும்பு. அது எப்படி வந்தது என்று எந்தப் புத்தகத்திலும் சொல்லவில்லை. கடல் கொள்ளைக்காரனின் வாள் என்பான் செல்லத்துரை. புலி என்பேன் நான். அதற்காக அடித்துக்கொண்டதும் உண்டு.

நாலு வருஷத்துக்கு முன் செல்லத்துரை வாட்ஸப்பில் தழும்பன் வாசகர் குழு ஒன்றை ஆரம்பித்தான். நானும் சேர்ந்தேன். தோட்டத்தில் மலையாளிகளுக்கு நான் பாண்டி. ஊருக்குப் போனால் சொந்தக்காரர்களுக்கு நான் மலையாளத்துக்காரன். குழுவில் மட்டும் மாடசாமி அண்ணாச்சி என்பார்கள். தேயிலைக் காட்டில் சிக்னல் கிடைக்கிற மேட்டில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பேன். பதில் போடுவது குறைவு. காலை வணக்கம் போட்டால் முப்பது பேர் திரும்பப் போடுவார்கள். அது போதும்.

இந்த வருஷம் தழும்பன் திரும்ப வந்தான். புது ஓவியர், புதுக் கதை. தபாலில் வரவழைத்து அந்த மேட்டில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சூப்பர்வைசர் ஷிபு வந்தான். சின்ன வயசு, கோட்டயத்துக்காரன்.

"பேரக்குட்டிக்காணோ சேட்டா?" என்றான்.

"அல்ல. எனிக்காணு."

எனக்குத்தான் என்று சொன்னதை, தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். மறுநாள் வண்ணம் தீட்டுகிற புத்தகம் ஒன்றும் கிரயான் பெட்டியும் கொண்டுவந்து கொடுத்தான். எனக்குப் பேரப்பிள்ளை கிடையாது. நல்ல மனசோடு தந்தான், வாங்கிக்கொண்டேன். அதுவும் இப்போது பலகையில்தான் இருக்கிறது.

புதுக் கதையில் தழும்பன் தேயிலைத் தோட்டத்துக்காரன். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, கவாத்து வெட்டுகிறான். கவாத்து என்றால், வயசான செடியை இடுப்புக்குக் கீழே நறுக்கி விடுவது. மறுபடி தழைக்கும். அப்படி வெட்டும்போது கத்தி முகத்தில் பாய்கிறது. தழும்பு வந்த விதம் அதுதான். பக்கம் ஏழு.

குழு கொதித்தது. பழைய அட்டைப்படத்துக்கு மாலை போட்டு ஒருவர் அனுப்பினார். "தழும்பன் செத்துட்டான், பால் ஊத்துங்க" என்றார் இன்னொருவர். "புலிகூட மல்லுக்கு நின்னவன் செடிகூட மல்லுக்கு நின்னானாம்." "அடுத்த புத்தகத்துல கொழுந்துக் கூடை இலவசமாம்லா." சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன. நானும் ஒன்றுக்குச் சிரித்தேன். அதற்கடுத்து செல்லத்துரையின் குரல் வந்தது. "போயும் போயும் கூலிக்காரனாக் காட்டி அசிங்கப்படுத்திட்டானுவளே. நம்ம தழும்பன் எங்க, கூலிக்காரன் எங்க. புத்தகத்த எல்லாரும் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்புங்க." எழுபது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். மணி அடித்தது. போய்க் கவாத்து வெட்டினேன், என் வேலையும் அதுதான்.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"எலே மாடசாமி, நீ அங்கனதான கெடக்க. ஒரு வாய்ஸ் போடுல. வெட்டுத கத்தி மூஞ்சிக்கு வராதுன்னு சொல்லு. தோட்டத்துக்காரனே சொன்னா அவனுவ வாயத் தொறக்க முடியாது."

"பாத்துட்டுச் சொல்லுதேன்."

"என்னத்தப் பாக்க? ஓங்கி வெட்டுனா கத்தி கீழதான போவும்? காலு போவும். மூஞ்சி எப்படில போவும்?"

அவன் தப்பாகச் சொல்லவில்லை. ஊரில் கருவேல மரம் வெட்டினவன் அப்படித்தான் நினைப்பான். அங்கே கத்தி மேலேயிருந்து இறங்கும். இங்கே அப்படி வெட்டினால் கொம்பு பிளந்துவிடும், மழைத் தண்ணீர் இறங்கிச் செடி அழுகும். இடது கையால் கொம்பை வளைத்துப் பிடித்து, கீழேயிருந்து மேலாக ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். வந்த புதிதில் நானும் ஊர் வெட்டு வெட்டித்தான் கங்காணியிடம் திட்டு வாங்கினேன். அதை மாற்றிக்கொள்ள எனக்கு இரண்டு கவாத்துப் பருவம் ஆயிற்று.

புத்தகத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். என் பாதியையும் பலகையிலிருந்து இறக்கிப் பார்த்தேன். பழைய படத்திலும் தழும்பு தாடையில் அகலமாக ஆரம்பித்து, கண்ணுக்குப் போகப் போக மெலிகிறது. வாள் இறங்கியிருந்தால் திருப்பி அல்லவா இருக்கும்? கீழேயிருந்து வந்த வெட்டு. புது ஓவியர் அதைக் கவனித்திருக்கிறார்.

சுடலைமுத்து அண்ணாச்சியின் ஞாபகம் வந்தது. என் பக்கத்து வரிசையில் வெட்டினவர். நான் வந்த முதல் வருஷம், கறையான் தின்று பொக்காகிப்போன கொம்பு சட்டென்று விட்டுக்கொடுத்தது. கத்தி தாடையில் ஏறிக் கண்ணுக்குக் கீழே நின்றது. என் துண்டால்தான் கட்டி டிஸ்பென்சரிக்குத் தூக்கிப்போனோம். அதற்குப் பிறகு இருபது வருஷம் அந்தத் தழும்போடு என் பக்கத்தில் வெட்டினார், பீடி கேட்டார், சாகவும் செய்தார். அவரையும் தினம் பார்த்தேன். தழும்பனையும் பார்த்தேன். ஒருநாளும் எனக்கு இரண்டும் சேர்ந்து தோன்றவில்லை.

என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் கொழுந்து எடுக்கிறவள். ஏழாம் பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"யாரு இவன், கால்ல சாக்குக் கட்டாம வெட்டுதான்? கங்காணி விடமாட்டாரே."

"கதை."

"கதைன்னா கால் கால் இல்லையாக்கும்? நீரும் உம்ம பொஸ்தகமும். கஞ்சி ஆறுது, வாரும்."

கஞ்சியைக் குடித்தேன். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. செல்லத்துரை கேட்டதைச் சொன்னால் குழுவில் அண்ணாச்சியாகவே இருக்கலாம். சொல்லாமலும் இருந்து பார்க்கலாம். அவன் விடமாட்டான். மறுநாள் மேட்டில் உட்கார்ந்து குரலை அனுப்பினேன். அந்தக் குழுவில் நான் பேசினதில் அதுதான் நீளம்.

"மாடசாமி பேசுதேன். நான் கவாத்து வெட்டுதவன். கத்தி கீழயிருந்துதான் மேல வரும். கொம்பு பொக்கா இருந்தா மூஞ்சிக்கு வரும். வந்திருக்கு, பாத்திருக்கேன். படம் சரி. கால்ல சாக்குக் கட்டல, அது ஒண்ணுதான் தப்பு. கூலிக்காரன்னு சொன்னா அசிங்கம்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது."

முதலில் ஒருவர், "மலையாளத்துக்குப் போனா புத்தியும் மாறிரும்" என்றார். "பதிப்பகத்துல எம்புட்டு வாங்குனாரு அண்ணாச்சி?" என்றார் இன்னொருவர். சாப்பாட்டுத் தூக்கை மூடுவதற்குள், நான் குழுவிலிருந்து நீக்கப்பட்டதாகத் திரை சொன்னது. நீக்குகிற உரிமை செல்லத்துரை ஒருவனிடம்தான் இருந்தது. மத்தியானம் ஐம்பத்தெட்டுச் செடி வெட்டினேன். எப்போதும் எண்ணமாட்டேன், அன்றைக்கு எண்ணினேன்.

பதினைந்து நாள் கழித்து எனக்கு ஒரு பார்சல் வந்தது. தபால்காரர் ஷிபுவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"சேட்டா, பின்னெயும் புக்கோ? பேரக்குட்டி மிடுக்கனாணல்லோ" என்று, இல்லாத பேரனைக் கெட்டிக்காரன் என்று மெச்சிக் கொடுத்தான். இந்தத் தடவை நான் திருத்தவில்லை.

உள்ளே முன்பாதி இருந்தது. கூட ஒரு துண்டுச் சீட்டு. 'இனி ஒங்கிட்டயே கெடக்கட்டும்.' அவன் கையெழுத்துதான். மன்னிப்பா, கணக்கு முடித்ததா என்று இரண்டு மூன்று தடவை படித்தேன். போன் போட்டேன். மணி போனது, எடுக்கவில்லை. அத்தோடு விட்டுவிட்டேன்.

முப்பத்துநான்கு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பாதியையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அவன் பாதி காய்ந்து, மஞ்சளாகி, ஓரத்தில் தூள் தூளாக உதிர்ந்தது. என் பாதி உப்பி, புகை நிறத்தில், ஒன்றரைப் பங்கு தடிமனாக இருந்தது. பின் போட்ட ஓட்டைகள் நேராக வரவில்லை. கொஞ்சம் அழுத்தினேன், அவன் பாதி ஒடியப் பார்த்தது. விட்டுவிட்டேன். இரண்டையும் அடுப்புக்கு மேலே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆடி வரப்போகிறது. ஒன்று இனிமேல்தான் வீங்க வேண்டும்.