வாசலில் தழை இல்லாத வீடு

கண்டிக்குப் போகிற வழி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். சனிக்கிழமை சாயங்காலம் எழும்பூரில் ரயில் ஏறினால் மறுநாள் மத்தியானம் தனுஷ்கோடி. அங்கே கப்பல். கடலைத் தாண்டினால் தலைமன்னார். இருட்டியதும் இன்னொரு ரயில், விடியும்போது அனுராதபுரம். அங்கே ஒரு நாள், காட்டுக் குளத்தில் ஒரு நாள், கண்டியில் இரண்டு நாள். அடுத்த சனிக்கிழமை திரும்பவும் எழும்பூர். நான் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவரும் போகவில்லை. ஆனாலும் யாராவது கேட்டால் நிற்காமல் சொல்லுவேன். கேட்கிறவள் ஒருத்தி மட்டும்தான் இருந்தாள். அவளும் போன வருஷத்தோடு போய்விட்டாள். என் தங்கை. அந்தப் பயணத்தை அவளுக்காகத்தான் போட்டோம். அதிலேதான் அவளுக்கு நான் செய்யக் கூடாததைச் செய்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். வெள்ளைக்காரன் காலம். ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால், துறைமுகத்துக் கரித்தூள் வந்து படிகிற சந்தில் எங்கள் வீடு. காலையில் துடைத்த பாத்திரம் மத்தியானத்துக்குள் கறுத்துவிடும். என் வீட்டுக்காரர் துறைமுகத்துப் பட்டறையில் கிரேன் ரிப்பேர் பார்க்கிற பிட்டர். எங்களோடு அவருடைய அக்கா, புருஷனை இழந்தவள், இருந்தாள். அண்ணி என்று கூப்பிடுவேன்.

நாங்கள் பௌத்தர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் புளியந்தோப்புச் சங்கத்துக்குப் போவோம். எனக்கு இருக்கிற எழுத்து அங்கே கற்றதுதான். மெதுவாக எழுதுவேன், அதற்காக நான் யாரிடமும் தலை குனிந்தது கிடையாது. எங்கள் வீட்டில் சாமி படம் இல்லை, கூழ் ஊற்றுவது இல்லை, கயிறு தாயத்து எதுவும் இல்லை. சந்தில் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு முதுகு நேராகும்.

தங்கையைத் திருவொற்றியூரில் கொடுத்திருந்தது. அவள் புருஷன் எண்ணூர் உப்பளத்தில் மேஸ்திரி. அந்த வீட்டில் எல்லாக் கும்பிடும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்ததும் தரையில் உட்காருவாள். ஏனென்றால் இலங்கை எங்கள் வீட்டுத் தரையில்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் இரும்பில் அளவு கீறுகிற சுண்ணக்கட்டியால் அதைப் போட்டிருந்தார். ரயிலுக்கு ஒரு கோடு, கடலுக்கு வளைவு, கண்டிக்கு ஒரு வட்டம். வீடு துடைக்கும்போது அதை மட்டும் விட்டுவிட்டுத் துடைப்பேன்.

"ஆடி பௌர்ணமிக்கு கண்டில பெரிய ஊர்வலம். புத்தரோட பல்லு வச்ச பேழைய ஆனை மேல ஏத்தி வருவாங்க. பின்னால அம்பது அறுபது ஆனை வரும்" என்பார் அவர்.

"ஒரு பல்லுக்கு அவ்ளோ ஆனையா மாமா? என் மாமியாளுக்கு முப்பத்திரண்டும் கீது, பின்னால ஒரு கழுத கூட வர்ல" என்பாள் தங்கை. உள்ளேயிருந்து அண்ணி சிரிப்பது கேட்கும்.

அவளுக்கு ஊர்வலத்து யானை பெரிதில்லை. கோயில் யானையைத் திருவொற்றியூரில் பார்த்திருக்கிறாள். உயிர்க் காலேஜ் என்று நாங்கள் சொல்லுகிற மிருகக்காட்சி சாலையில் கூண்டுப் புலியையும் பார்த்திருக்கிறாள். சங்கத்தில் ஒரு தையற்காரர் முன்பே போய் வந்தவர். அனுராதபுரத்துக்கு அப்பால் காட்டுக்குள் பழைய காலத்துக் குளம் ஒன்று உண்டு, பொழுது சாய்கிற நேரத்தில் கூட்டம் கூட்டமாக யானை தண்ணிக்கு வரும், குட்டியை நடுவில் விட்டுப் பெரியது சுற்றி நிற்கும், கரையில் மான் நிற்கும், முதலை கிடக்கும் என்று அவர் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு அதே பேச்சு.

"கால்ல சங்கிலி இல்லாமயாக்கா?"

"காட்டு ஆனைக்கு யாருடீ சங்கிலி போடறது?"

"சங்கிலி இல்லாத ஆனைய ஒரு தபா பாத்துட்டா போதும். அப்புறம் உப்பளத்துலயே கெடக்க சொன்னாலும் கெடப்பேன்."

அந்த ஆடியில் சங்கத்தாரோடு நாங்களும் போவதாக இருந்தது. மேஸ்திரி லேசில் சம்மதிக்கவில்லை. கடல் தாண்டுகிற விஷயம் என்றார், பெண்ணை அனுப்புவதா என்றார். கடைசியில் என் வீட்டுக்காரர் போய்ப் பேசி, ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் என்று வாங்கி வந்தார். ஏதாவது சாக்கு கிடைத்தால் அந்த மனுஷன் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு தடையும் இருந்தது. தனுஷ்கோடிக்கு முன்னால் மண்டபம் என்கிற ஊரில் மூன்றாம் வகுப்புக்காரர்களை இறக்கி டாக்டர் பார்ப்பார். கையில் அம்மை குத்திய அடையாளம் வேண்டும், வீட்டில் தொத்து வியாதி இல்லை என்று இங்கேயிருந்து ஒரு சீட்டும் வேண்டும். எனக்கும் அவருக்கும் அண்ணிக்கும் சின்ன வயதிலேயே குத்தியது. என் இடது கையில் இரண்டு வட்டம் இருக்கும். தங்கைக்கு இல்லை. அம்மை குத்துகிறவர் தெருவில் வந்தாலே மாட்டுக் கொட்டகையில் போய் ஒளிந்துகொண்டவள் அவள். பயணம் போகிற எல்லாருக்கும் புதிதாகக் குத்த, ஆனி மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கே ஆள் வருவதாக ஏற்பாடு.

அந்த ஆனியில் எங்கள் பக்கம் வேப்ப மரங்கள் மொட்டையாகிக்கொண்டு வந்தன. அம்மை வந்த வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்தைச் சொருகுவது எங்கள் ஊர் வழக்கம். அதைப் பார்த்தால் வெளியாள் படி ஏற மாட்டார். பால்காரன் சொம்பைத் தெருவிலேயே வைத்துவிட்டுப் போவான், பிச்சைக்காரன்கூடக் குரல் கொடுக்க மாட்டான். முதலில் சந்து முனையில் ஒரு வீடு. பிறகு மசூதிப் பக்கம் இரண்டு. நான் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் நிலைகளைப் பார்த்துக்கொண்டே போவேன். தழை ஒவ்வொரு வீடாக எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணிக்கு இடுப்பு வலி, காய்ச்சல். வெள்ளிக்கிழமை காய்ச்சல் இறங்கிற்று. காதுக்குப் பின்னால் நாலு, நெற்றியில் மூன்று, முத்து முத்தாக எழும்பியிருந்தது. நான் அவளை ஜன்னல் இல்லாத உள் அறையில் படுக்கவைத்துக் கழுத்துவரை போர்த்தினேன்.

எதிர்வீட்டுக்காரி கருவாடு விற்பவள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. வெந்நீர் எடுத்துக்கொண்டு நான் உள்ளே போவதைப் பார்த்துத் தெருவிலிருந்தே கேட்டாள்.

"இன்னாம்மே, உள்ள யாருக்கு இன்னா?"

"வேர்க்குரு."

"வேர்க்குருவா? அப்ப என் கூடைல கீற கருவாடெல்லாம் மல்லிப்பூ தான் போ. மருவாதியா ரெண்டு தழைய ஒடிச்சி நெலைல சொருவு."

"எங்க வூட்ல அந்த பழக்கம் கெடையாது."

"பழக்கம் இல்லன்னா ஆத்தா உன்ன பாத்து வழி மாறி பூடுவாளா?" என்று உரக்கக் கேட்டாள். இரண்டு மூன்று வீட்டுக் கதவு திறந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து அக்காவைப் பார்த்தார். விளக்கைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "தழை வேணாம்" என்றார். "நாம அத்த பண்றதில்ல. ஆனா ஞாயித்துக்கெழம உன் தங்கச்சி வரும். அதுக்கு கைல குத்தல. வராதன்னு ஆள் அனுப்பிடு."

"நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

சனிக்கிழமை முழுவதும் எனக்கு நேரம் இருந்தது. திருவொற்றியூருக்குப் போகிற ஆள் எத்தனையோ பேர். நான் அனுப்பவில்லை. ஆள் போனால் மேஸ்திரி காதில் விழும், பயணம் அத்தோடு நிற்கும். சங்கத்துக்குத் தெரிந்தால் சீட்டு கிடைக்காது. இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. இன்னொன்றும் இருந்தது. வேப்பிலை சொருகாத வீட்டுக்கு அம்மை நல்ல புத்தி கொடுத்துவிட்டது என்று அந்தச் சந்து கைகொட்டிச் சிரிக்கும். அதை என்னால் தாங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் வேலை என்று அவர் பட்டறைக்குப் போய்விட்டார். தங்கை வழக்கமான நேரத்துக்கு வந்தாள். அன்றைக்குப் படியிலேயே நின்றாள். எங்கள் நிலையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் அடுப்பங்கரையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்துகொண்டே இருந்தேன். அவள் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அண்ணி எங்கக்கா? சிரிப்ப காணோம்."

"ஒடம்பு வலின்னு படுத்துகினு கீது. ஒண்ணும் இல்ல. நீ உக்காரு."

அவள் உட்காரவில்லை. "பாவம், நான் போயி கால் புடிச்சி வுடறேன்" என்றாள்.

"வேணாம்டி, தூங்கட்டும்" என்றேன். ஆனால் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அந்த இருட்டு அறையில் அவள் அரைமணி நேரம் இருந்தாள். குளத்து யானையைப் பற்றி அண்ணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள் என்று பிறகு தெரிந்தது. தங்கை வெளியே வந்து, தரையில் கண்டி வட்டத்தின்மேல் உட்கார்ந்து, என் கையால் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அவர் வந்ததும் கேட்டார், "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அடுத்த ஞாயிறு சங்கத்தில் அம்மை குத்தினார்கள். தங்கை முதல் ஆளாகக் கையை நீட்டினாள். "இம்மாத்தூண்டு சுருக்குக்கா அந்த நாளு ஓடினேன்?" என்று சிரித்தாள். அண்ணிக்கு அதற்குள் பொருக்கு உதிரத் தொடங்கியிருந்தது. ஏழெட்டு முத்தோடு போயிற்று. தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தேன். அவளுக்கென்று நீலத்தில் ஒரு புடவை எடுத்தேன்.

அந்தப் புடவையோடுதான் வெள்ளிக்கிழமை திருவொற்றியூருக்குப் போனேன். தெரு முனை திரும்பினேன். அவள் வீட்டு நிலையில் பச்சைப் பசேலென்று இரண்டு பெரிய கொத்து.

"அங்கயே நில்லு!" என்று அவள் மாமியார் வாசலிலிருந்து கத்தினாள். "தழைய பாக்கல? ஒரு அடி வைக்காத."

"யாருக்கு?" என்றேன். தெரிந்தே கேட்டேன்.

"உன் தங்கச்சிக்கு தான். ஒடம்புல ஊசி குத்த எடம் இல்ல. எங்கேர்ந்து வந்துதுன்னே தெரியல. உங்க வூட்டுக்கும் சங்கத்துக்கும் தவிர அது எங்கயும் போவல. உங்க வூட்ல யாருக்கனா இருந்துதா?"

"எங்க வூட்ல ஒண்ணும் இல்ல" என்றேன்.

என் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. புடவையை மார்போடு பிடித்துக்கொண்டு அந்தத் தெருவிலேயே நின்றேன். மாமியார் உள்ளே போய்விட்டாள். வெயில் ஏறிற்று. யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. சங்கத்துக்குப் போய் அம்மை குத்துகிறவரைக் கூட்டிவந்தார், இனியாவது ஏதாவது செய்ய முடியுமா என்று. அந்த மனுஷர் எங்கள் வீட்டு வாசலில் நின்று தலையை ஆட்டினார். "அந்த ஞாயித்துக்கெழம முடிஞ்சி ரெண்டு மூணு நாளுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிருந்தா, அன்னிக்கே வந்து குத்திருப்பேனேம்மா. நான் பக்கத்துல தண்டையார்பேட்டைல தான் இருந்தேன்" என்றார்.

தங்கை பிழைத்தாள். இரண்டு கண்ணும் போயிற்று.

சங்கத்தில் மற்றவர்கள் ஆடியில் போய் வந்தார்கள். யானை பார்த்தார்கள். நான் கேட்கப் போகவில்லை. தரையில் இருந்ததை நானே துடைத்தேன். சுண்ணம் சிமெண்டில் ஊறியிருந்தது. மூன்று தரம் துடைத்த பிறகும் ஈரத்தில் அந்தக் கோடு தெரியும்.

அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு கஞ்சி கொடுக்கப் போவேன். ஒரு நாள் கஞ்சியை விழுங்கிவிட்டுச் சொன்னாள், "அன்னிக்கு உங்க வூட்டு நெலைய பாத்துட்டு தான் உள்ள வந்தேன்க்கா. தழை இல்ல." அவ்வளவுதான். குற்றமாகச் சொல்லவில்லை. வழியில் எதையோ தவறவிட்டவள், எங்கே விட்டோம் என்று தனக்குத்தானே யோசிக்கிற மாதிரி சொன்னாள். நான் கிண்ணத்தை வழித்து அடுத்த வாயைக் கொடுத்தேன்.

வேப்பிலையில் ஒன்றும் இல்லை என்று இப்போதும் சொல்லுவேன். எங்கள் வீட்டு நிலையில் நான் இன்றுவரை சொருகியதில்லை. ஆனால் அந்தத் தழை தெருவுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தது. அதை வேண்டாம் என்றவள், அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்லியிருக்க வேண்டும். இப்போது வீட்டில் யாருக்குச் சளி என்றாலும் வாசலில் நின்று வருகிறவரிடமெல்லாம் சொல்லிவிடுவேன். கெழவி தண்டோரா போடுது என்று தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தங்கை அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். மேஸ்திரி கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுப் போவார். வந்து உட்கார்ந்தால், "மொத நாளு எங்கக்கா?" என்பாள். நான் எழும்பூரிலிருந்து தொடங்குவேன். குளத்துக்கு வந்ததும், "சங்கிலி இல்லாம" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

ஆனால் உட்காருவதற்கு முன்னால் ஒன்று உண்டு. அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதை அவள் விட்டதில்லை. படியில் நிற்பாள். கையை உயர்த்தி, எங்கள் நிலையின் மேல்கட்டையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லத் தடவிப் பார்ப்பாள். பிறகு கேட்பாள்.

"அக்கா, வர்லாமா?"

"வாடி, ஒண்ணும் இல்ல" என்பேன்.

அதைக் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவாள்.