நடு வீட்டுச் சாவி

புதுக்கோட்டையில் எனக்கு வரிசையாக மூன்று வாடகை வீடுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே மோட்டார், ஒரே தொட்டி, ஒரே தலைவலி. ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்பேனர், வாஷர், டேப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்விடுவேன். குடியிருப்பவர்களின் முகத்தைவிட அவர்கள் வீட்டுக் குழாய்கள்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

நடு வீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஏழு வருஷம் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவள் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். அவர் ஜெகதாப்பட்டினத்துக்காரர், அங்கே ஐஸ் பிளான்ட்டில் மெக்கானிக்காக இருந்துவிட்டு, இங்கே வந்து ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். மோட்டார் மக்கர் பண்ணினால் மற்ற இரண்டு வீட்டில் குடியிருப்பவர்கள் என்னைத் திட்டிக்கொண்டு போன் பண்ணுவார்கள். அவர் போன் பண்ணினால், “சரி பண்ணிட்டேண்ணே” என்று சொல்லத்தான் பண்ணுவார்.

போன வருஷம் அவருக்கு ஈரலில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றெல்லாம் எழுதியிருக்கும். உயிர் போகக் கூடாது என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் குடித்தனக்காரர்களுக்கும் அது தெரியும். நாள் நெருங்கினால் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட வேண்டும். துக்கம் நடந்த வீடு என்று பெயர் வந்தால் அப்புறம் யாரும் குடிவர மாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடு வீட்டு அடுப்படிக் குழாய் ஒழுகியது. ஸ்பேனரோடு குனிந்திருந்தேன். அவள் பின்னால் வந்து நின்றாள்.

“அண்ணே, அவரு இங்கயே இருக்கணும்னு ஆசப்படுறாரு. அங்கிட்டு ஊர்ல அவங்க அண்ணன் வீடுதான் இருக்கு. பேச்சுவார்த்த நின்னு பத்து வருஷமாச்சு. இங்கயே வச்சுக்கிறட்டுமா?”

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டே, “சொந்த மண்ணுல இருந்தா அவருக்கும் ஒரு தெம்பா இருக்கும்மா. வண்டிக்கு வேணும்னா நான் சொல்லிவிடுறேன்” என்றேன்.

“சரிங்கண்ணே” என்றாள். குழாய் ஒழுகுவது நின்றிருந்தது.

மறுநாள் காலையில் வேன் வந்தது. பின்னால் மெத்தை விரித்து அவரைப் படுக்கவைத்தோம். கால்மாட்டில் பிடித்துத் தூக்கியது நான்தான். ஆளில் எடையே இல்லை.

“மோட்டார்ல சத்தம் வருதுண்ணே. பேரிங்கப் பாத்துருங்க” என்றார்.

வண்டி தெருமுனை திரும்பியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதிதான் முதலில் வந்தது.

அறந்தாங்கி தாண்டியதும் வண்டியிலேயே உயிர் போய்விட்டது. டிரைவர் போனில் சொன்னபோது நான் பேரிங் வாங்கக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கடைக்காரர் பேரிங்கைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். போய் மாட்டினேன்.

காரியமெல்லாம் முடிந்து அவள் வீட்டைக் காலி செய்ய வந்தாள். சாமான்களை ஏற்றிய பிறகு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீடு முழுக்கக் கழுவிவிட்டாள். வேண்டாம்மா என்றேன், கேட்கவில்லை. அப்புறம் ஈரக் கையோடு சாவியை நீட்டினாள். நாலு வார்த்தை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் தேவலை.

“யாரும் கேட்டா தைரியமாச் சொல்லுங்கண்ணே. ஒங்க வீட்ல ஒண்ணும் நடக்கல.”

அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். நடு வீட்டைத் திறந்து, குழாய்களைத் திருகிப் பார்த்துவிட்டுப் பூட்டுவேன். எதுவும் ஒழுகவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், டிவி பார்த்தேன்.

போன வாரம் ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. குழாயைத் திறந்து பார்த்தார்கள். மோட்டாரைப் போட்டுக் காட்டினேன், சத்தமே இல்லை. எல்லாம் பிடித்துவிட்டது. கிளம்பும்போது அந்த அம்மா மட்டும் வாசலில் தயங்கி நின்றார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வீட்ல துக்கம் எதுவும் நடந்துச்சுங்களா?”

“ஒண்ணும் நடக்கலீங்க” என்றேன்.

அது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.