பூந்தொட்டி இல்லாத வீடு

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார் ஜுனைதா. "இன்னும் வாடை போகல" என்று மறுபடியும் குழாயைத் திறக்கிறார். பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது. "லாத்தா, போதும். டேங்கு காலியாயிரும்" என்கிறது அக்காவை லாத்தா என்றழைக்கும் ஊர்க் குரல் ஒன்று. அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. முந்தின நாள் முழுக்கத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கிண்டிய கை அது. துளி எண்ணெய் மிச்சமிருந்தாலும் தாளில் இறங்கிவிடும். அந்த இடத்தில் பென்சில் வழுக்கும். அவருடைய தொடக்ககாலப் படங்களின் ஓரங்களில் பெருவிரல் அளவுக்கு எண்ணெய்த் திட்டுகள் உண்டு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் தெரியும்.

கீழக்கரைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் ஓவிய வகுப்பில் ஜுனைதா மாணவி. வயது நாற்பத்தொன்று. அவருக்கு அடுத்த மூத்த மாணவி பத்தாம் வகுப்பு. ஆசிரியை கலைச்செல்வி ராமநாதபுரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். ஜுனைதாவைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். இவர் அவரை "டீச்சர்" என்பார். அவர் இவரை "அக்கா" என்பார்.

தொழில், தொதல் என்னும் கருப்பட்டி அல்வா கிண்டுவது. கல்யாண வீடுகளுக்கும் பெருநாளுக்கும் ஆர்டர் வரும். விடுமுறை முடிந்து வளைகுடாவுக்குத் திரும்புகிறவர்களின் பெட்டிகளில் சட்டைகளுக்கு நடுவே அவருடைய தொதல் பொட்டலங்கள் பயணம் போகும். கணவர் சுஐபு ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறார். மகள் ஜஸீலா மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் ஜுனைதாவும் அடுப்பும்தான்.

வகுப்பில் சேர்ந்தது தற்செயல். ஜவுளிக்கடைக்காரர் வீட்டு ஆர்டரைக் கொடுக்க வந்தவர், மாடியில் சத்தம் கேட்டு ஏறிப் பார்த்தார். "சும்மா பாத்துட்டுப் போவோம்னு உக்காந்தேன். அந்தப் புள்ள கையில ஒரு பென்சிலக் குடுத்துருச்சு. குடுத்தத வேணாம்னு சொல்ல முடியுமா?" அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். காரணம் சொல்லவில்லை; கேட்கவும் யாரும் இல்லை.

அழிரப்பர் தொடமாட்டார். "கருப்பட்டி கூடிப்போச்சுன்னா திருப்பி எடுக்க முடியுமா? மேக்கொண்டு பாலு ஊத்திச் சரிக்கட்ட வேண்டியதுதான்" என்பார். அப்படியே தப்பான கோட்டின் மேல் இன்னும் நாலு கோடு இழுத்து அதை நிழலாக்கிவிடுவார். வரைகையில் வாய் சும்மா இருக்காது. "நில்லு, நில்லு… எங்கன ஓடுற?" என்று கோட்டை அதட்டுவார். இடைவேளையில் சட்டியின் அடியில் பிடித்த தொதலைச் சுரண்டி எடுத்துவந்த டப்பாவைத் திறப்பார். பிள்ளைகளுக்கு விலைத் தொதலைவிட அந்தக் கருகல்தான் இஷ்டம்.

முதல் நாளே ஒன்று சொல்லிவிட்டார்: "டீச்சர், நான் ஆளுகள வரையிறதில்ல." கலைச்செல்வி ஏன் என்று கேட்கவில்லை. "அப்ப உங்க வீட்ட வரைங்கக்கா."

வீடு வந்தது. கறுப்பு கேட், நடுவில் கதவு, இருபுறமும் ஜன்னல், வாசலின் இரண்டு பக்கமும் சிவப்புப் பூ பூத்த தொட்டிகள். பிள்ளைகள் கூடிநின்று பார்த்தார்கள். கலைச்செல்வியும் பார்த்தார்.

"இந்தப் பூந்தொட்டி உங்க வீட்ல இருக்கா?"

"இல்ல டீச்சர். ஒரு அழகுக்குப் போட்டேன்."

"அங்க நெசமா என்ன இருக்கு?"

ஜுனைதா பென்சிலைக் கீழே வைத்தார். பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கும் வீடு. வாசலின் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அன்று வெயிலோடு வீட்டுக்குப் போனவர் கேட்டுக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டார். எதிர்வீட்டு உம்மு ஹபீபா ஜன்னல் வழியே, "என்ன சாவியத் தொலச்சுட்டியா?" என்று கேட்டார். "இல்ல, பாக்குறேன்" என்றார் ஜுனைதா. உம்மு ஹபீபாவும் வெளியே வந்து அவரோடு நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் பிடிபடாமல் உள்ளே போய்விட்டார்.

அடுத்த படத்தில் பூந்தொட்டி இல்லை. நீல நிறத் தண்ணீர் டிரம் ஒன்று வந்தது. அதன்மேல் கவிழ்த்த குடம் வந்தது. மோட்டார் ஒயர் கேட்டின் மேல் தொங்கியது. அதற்கப்புறம் வந்த மாதங்களில் முற்றம், காலி சிலிண்டர், மாடிப்படி, படியில் சாயங்காலம் விழும் வெயில், கடைசியாக அடுப்படி என்று படங்கள் சேர்ந்தன. வெயிலை வரைய வெள்ளைக் கலர் வேண்டாம், சுற்றிலும் கருப்பாக்கினால் போதும் என்று தெரிந்துகொண்ட நாளில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதை மறந்தார். அவர் கை பார்த்த பாலில் தீய்ந்தது அது ஒன்றுதான் என்று இன்றும் சொல்லிக்கொள்வார், கொஞ்சம் பெருமையாகவே.

வருடக் கடைசியில் ஒரு கண்காட்சி வைப்பதாகக் கலைச்செல்வி அறிவித்தார். அவரவர் வரைந்ததையெல்லாம் வரிசையாக மாட்டி, பக்கத்தில் நின்று, எங்கே ஆரம்பித்தோம், எந்த இடத்தில் மாறினோம் என்று அவரவரே பேச வேண்டும். வீட்டார் வரலாம்.

"படத்த வச்சுர்றேன் டீச்சர். பேச்செல்லாம் வேணாம்."

"மூணாங்கிளாஸ் புள்ளையே பேசுதுக்கா."

"அதுக்கென்ன, அது யாருக்குப் பயப்படணும்?"

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. சுஐபு இரண்டரை வருடத்துக்குப் பிறகு விடுமுறையில் வந்திருந்தார். வகுப்புக்குப் போவதை ஜுனைதா அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. தொலைபேசியில் அதைச் சொல்வதற்கு ஒரு இடம் வாய்க்கவில்லை. ஜஸீலாவுக்குக் காய்ச்சலா, கேஸ் வந்ததா, சாப்பிட்டாச்சா என்பதற்குள் கடையில் அவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால், சுஐபு சாயங்கால அஸர் தொழுகைக்குப் போன நேரத்தில், ஜுனைதா கட்டிலுக்கடியில் இருந்த படங்களை எடுத்து மெத்தைமேல் வரிசையாகப் பரப்பினார். எதை முதலில் வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கியபோது கணவர் அறை வாசலில் நின்றார்.

"என்னது இதெல்லாம்?"

"நான் வரஞ்சது, மச்சான். சனிக்கெழம கிளாஸுக்குப் போறேன், இந்த வாரம் இதையெல்லாம் அங்க மாட்டுறாங்க."

சுஐபு தொப்பியைக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மாடிப்படிப் படம் வந்ததும் நிறுத்தினார். சுவரில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு ஓடும் படம் அது.

"இது யாரு வீடு?"

"நம்ம வீடுதான்."

அவர் எழுந்துபோய் மாடிப்படியைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து பத்து நாளாகியும் அந்தச் சுவர் அவர் கண்ணில் பட்டிருக்கவில்லை. திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"பூந்தொட்டி படம் நல்லாருக்கு. அத மட்டும் வையி. டிரம்மு, சிலிண்டரு, வெடிச்ச சொவரு… இதையா ஊருக்கு முன்னாடி மாட்டுவாங்க? சுஐபு கட்டுன வீட்டப் பாருன்னு சொல்ல மாட்டாங்க? அதுக்கா நான் அங்கன கெடந்தேன்?"

சண்டை போடுகிற பழக்கம் இருவருக்கும் இல்லை. அதற்கான நாட்களே அவர்களுக்குக் கிடைத்ததில்லை. சுஐபு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைத்தெருப் பக்கம் போய்விட்டார்.

அவர் போன பிறகு ஜுனைதா மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தார். கணவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. பூந்தொட்டிப் படத்தைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மற்றவற்றை அடுக்கப்போனார். அடுக்குகையில்தான் அது கண்ணில் பட்டது. பூந்தொட்டிப் படம் தெருவில் நின்று பார்த்தது. டிரம், கேட்டில் நின்று பார்த்தது. பிறகு முற்றம், பிறகு படி, கடைசியில் அடுப்படி. வாசற்படியைத் தாண்டும் படத்தைத் தேடி எடுத்தார்; கதவு பாதி திறந்திருந்தது. அதற்கு முந்தின படங்களிலெல்லாம் கதவு மூடியிருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து அவர் இப்படி வரையவில்லை. திரும்பத் திரும்ப வரிசையை மாற்றிவைத்துப் பார்த்தார். வேறு எந்த வரிசையும் பொருந்தவில்லை.

சனிக்கிழமை எல்லாப் படங்களும் சுவரில் ஏறின. சுஐபு வந்திருந்தார். வருவாரென்று ஜுனைதா எதிர்பார்க்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு, மற்றப் பெற்றோருக்குப் பின்னால், வாசலை ஒட்டி நின்றார். ஜுனைதாவின் முறை வந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படங்களைப் பார்த்துத்தான் பேசினார், ஆட்களைப் பார்க்கவில்லை.

"இது மொதப் படம். ரோட்டுல நின்னு போட்டது. இதுல உள்ள பூந்தொட்டி பொய்யி. எங்க வீட்ல பூந்தொட்டி இல்ல. இந்தப் படத்த யாரு வேணும்னாலும் போட்டுறலாம், எந்த வீட்டுக்கும் போட்டுறலாம். ரெண்டாவதுல கேட்டுக்கு வந்துட்டேன். இதுல முத்தம். இதுல படி. இது அடுப்படி, நான் நிக்கிற எடம். தரையில எண்ணெய் எறங்கிக் கருத்துக் கெடக்குல்ல, அதான்." கொஞ்சம் நிறுத்தினார். "வீடு கட்டிப் பன்னண்டு வருஷமாச்சு. நான் உள்ள வாரதுக்கு இந்த ஒரு வருஷம் ஆயிருக்கு. அவ்வளவுதான் டீச்சர்."

பிறகு பிள்ளைகள் கை தட்டினார்கள். ஜுனைதா திரும்பிப் பார்த்தபோது சுஐபு வாசலில் இல்லை. கூட்டம் கலைந்த பின்னர் பார்த்தால், அடுப்படிப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

வீடு திரும்புகையில் சுஐபு நாலடி முன்னால் நடந்தார். பள்ளிவாசல் திருப்பத்தில் கேட்டார்:

"அந்த வெடிப்பு எப்ப வந்துச்சு?"

"போன மழைக்கு முன்னாடி. உப்புக்காத்துல உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கும்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"அஞ்சு நிமிசப் பேச்சுல எதச் சொல்றது மச்சான்? வெடிப்பச் சொன்னா அன்னைக்கு நீங்க தூங்குவீங்களா?"

சுஐபு நடையைக் கொஞ்சம் மெதுவாக்கி, பின்னால் வந்தவருக்குப் பக்கத்தில் நடந்தார்.

திங்கட்கிழமை காலையில் சிமென்ட்டும் மணலும் வாங்கி வந்தார். ஆள் வைக்கவில்லை. மளிகைக் கடையில் சேருவதற்கு முன்னால், வெளிநாடு போன புதிதில், மூன்று வருடம் கட்டட வேலை பார்த்தவர். வெடிப்பை ஒட்டிய பூச்சை உளியால் கொத்தி எடுத்தார். ஒரு முழம் அகலத்துக்குச் சுவர் திறந்துகொண்டது. தட்டில் சாந்தைக் குழைத்து, கரண்டியில் அள்ளித் திரும்பும்போது ஜுனைதா தேநீரோடு வந்தார்.

வந்தவர் படியிலேயே நின்றுவிட்டார். சுவருக்குள்ளே கம்பிகள் துருவேறிப் புடைத்து, செம்மண் நிறத்தில் அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருந்தன. ஜன்னல் வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்தது. தேநீர் டம்ளரைப் படியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார். அட்டையும் தாளும் கரித்துண்டுமாக வந்து மூன்றாம் படியில் உட்கார்ந்தார்.

"சாந்து இறுகுது ஜுனைதா" என்றார் சுஐபு.

ஜுனைதா நிமிரவில்லை. வலது கை தாளில் ஓடிக்கொண்டிருக்க, இடது உள்ளங்கையை மட்டும் அவர் பக்கம் உயர்த்திக் காட்டினார். சுஐபு கரண்டியைப் பிடித்தபடி, வெளிச்சத்தை மறைக்காமல், சுவரோரமாக ஒதுங்கி நின்றார். ஜுனைதாவின் இடது கை இறங்கவில்லை.