புளி போட்டுத் துலக்கிய இறைசால்

கண்டியில் பழைய காசு சேர்க்கிற பைத்தியம் பத்துப் பேருக்குக்கூட இல்லை. அந்தப் பத்துப் பேரும் காசு வாங்குமுன் ஓடி வருகிற வீடு ஒன்று கட்டுக்கலையில் இருந்தது. தேயிலைக் கம்பனிக் கிளாக்கர் சுவக்கின், காலை வெயில் விழும் ஜன்னலடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். காசை விளிம்பில் மட்டும் பிடிப்பார். வெளிச்சத்தில் மெல்லச் சரித்து, ராஜாவின் காது மடலும் முடிச்சுருளும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்து விலை சொல்வார். யார் என்ன சொன்னாலும் அந்த விலை மாறாது. இதற்கென்று ஒரு சதம் கூலி வாங்கியதில்லை.

மனிதர் பொறுமைசாலிதான். கழுவிய காசைக் கொண்டுவந்தால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். பழைய வெள்ளியில் நூறு வருஷமாகப் படிந்த கறுப்பை அவர் தோல் என்பார். தோலை உரித்துவிட்டு விலை கேட்கிறீர்களா என்று நகைக்கடை முனாப் முதலாளியையே வாசலோடு திருப்பி அனுப்பியவர். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

அவரிடமும் ஒரு நல்ல காசு இருந்தது. பழைய ஆட்கள் இறைசால் என்று சொன்ன வெள்ளிக்காசு. ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் யானை. ஹேவாஹெட்டயில் வாங்கியதைப் பதினொரு வருஷம் பட்டுத்துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருந்தார். 1934இல் அதை விற்கத் துணிந்தது மனைவி பியட்றிஸுக்காக. அவள் ஊராருக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள், எல்லாம் கைத்தையல். மங்கல் வெளிச்சத்தில் தைத்துத் தைத்துக் கண்ணில் நீர் வடியும். பழைய தையல் மெஷின் ஒன்று நாற்பது ரூபாய்க்கு வந்திருந்தது. காசு சொன்னபடி இருந்தால் நாற்பதே தருவதாகவும் சனிக்கிழமை வருவதாகவும், வழக்குப் பேசும் பிரக்கிராசி பொன்னுத்துரை பேராதனையிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை, மாதா கோயிலின் ஆறு பித்தளை மெழுகுதிரிக்கால்களைத் துலக்கும் முறை பியட்றிஸுடையது. புளியும் சலித்த சாம்பலும் போட்டு ஆறையும் பளபளக்க வைத்தாள். அதே கையோடு இறைசாலின் ஞாபகம் வந்தது. பெரிய மனிதர் வருகிறார். காசு அடுப்புக்கரி மாதிரிக் கிடந்தால் வீட்டுக்காரருக்குத்தானே குறை? அவர் காசுப் பேச்சைத் தொடங்கினாலே அடுப்படிக்குப் போய்விடுகிறவள் அவள். தோல் கதையெல்லாம் அவள் காதில் விழுந்ததேயில்லை.

பொன்னுத்துரை கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் சுவக்கின் பட்டுத்துணியைப் பிரித்தார். காசு புதுத் தகரம்போல் மின்னியது. ராஜாவுக்கும் தோல் இல்லை, யானைக்கும் இல்லை. கதவருகே பியட்றிஸ் தேத்தண்ணிக் கோப்பையோடு, மெச்சப்போகிறார்கள் என்ற ஆசை முகமெல்லாம் வழிய நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருடைய கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"ஆர் இதைக் கழுவினது?" என்றார் பொன்னுத்துரை.

"நான்தான். நீங்க வர்றீங்கன்னு புளி போட்டுத் துலக்கிட்டேன்" என்றார் சுவக்கின்.

பிரக்கிராசி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, கோப்பையை நீட்டிய கையின் நகக்கண்ணில் சாம்பலைப் பார்த்தார். வழக்காடிப் பழகியவர்தான், ஆனாலும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. இருபது தரலாம் என்றார். இனிப் பன்னிரண்டுக்கு மேல் போகாது என்று சுவக்கினே அடித்துச் சொன்னார். பன்னிரண்டுக்கே கைமாறியது. அந்தக் காசை நாலு பேர் பார்த்தபின் கதை பரவாமல் இருக்குமா? முனாப் முதலாளி ஒரு கிழமை சிரித்தார்.

வந்தவர் போனதும் பியட்றிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பொய் சொல்லி நான் கேட்டதே இல்ல."

"காசைப் பத்தி நான் பொய் சொல்லலயே" என்றார் அவர்.

மெஷின் வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டது. மறுநாள் பூசை முடிந்து வந்ததும் சுவக்கின் தன் மேசையைத் தூக்கி இருட்டு மூலையில் போட்டார். ஜன்னலடியில் பியட்றிஸின் கதிரையைப் போட்டார். அதன்பின் காசோடு வருகிறவர்கள், அவள் கைவேலை ஒரு வரிசை முடியும்வரை வாசலில் நின்று, அவளிடம் வெளிச்சத்தை இரவல் கேட்க வேண்டியிருந்தது. சுவக்கினும் அவர்களோடு சேர்ந்து நின்றார்.