வட்டிலப்பத்தில் படித்த படிப்பு

பொதுச் சுகாதார முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்த செய்தி கைபேசியில் வந்தபோது, நான் கல்முனைக்குடியில் ஒரு பேக்கரியின் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து எலிப் புழுக்கை தேடிக்கொண்டிருந்தேன். பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலை அப்படி. அந்த இடத்திலேயே நிமிர்ந்து இரண்டு தடவை வாசித்தேன். பேக்கரிக்காரர் ஏதோ பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பயந்துபோனார்.

படிப்புக் கட்டணத்தை நான்கு தவணையாகக் கட்டலாம். முதல் தவணைக்குக் கையில் இருந்தது. மற்ற மூன்றுக்கும் வழி தெரியவில்லை. அரசாங்க உத்தியோகத்தன் என்பதால் வங்கி கடன் தரும். ஆனால் மார்க்கம் விலக்கிய வட்டிக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. அதை ஈடு வைக்கும் பேச்சை நான் எடுக்கவேயில்லை.

எப்படியோ செய்தி கடைத்தெருவுக்குப் போய்விட்டது. ஒருநாள் ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளி என்னைக் கூப்பிட்டு, பிளேன்டீ வைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"சேர், காசப் பத்தி யோசிக்காதீங்க. நான் தாறன். வட்டி கிட்டி ஒண்டும் இல்ல. ஏலுமான நேரம் தாங்க."

நல்ல மனிதர்தான். ஆனால் போன மாதம்தான் அவருடைய குசினியில் இறைச்சியை மூடாமல் வைத்திருந்ததற்கு நான் எச்சரிக்கை எழுதியிருந்தேன். காசை வாங்கினால் அடுத்த எச்சரிக்கையை எந்தக் கையால் எழுதுவது? மனம் ஒரு கணம் இளகியது உண்மை. "அல்லாஹ் ஒங்களுக்கு பறக்கத் செய்வான், எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு, பிளேன்டீக்கும் காசு வைத்துவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். இந்த வருடம் விட்டுவிடலாம் என்றும் சொன்னேன்.

"ஏன் விடுற? வட்டி நமக்கு வேணாம். வட்டிலப்பம் இரிக்கி" என்றாள்.

வட்டிலப்பம் எங்கள் ஊர் விருந்துகளில் வைக்கும் இனிப்பு. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் செய்யிற வட்டிலப்பத்த நம்மட ஊருல ஆரு வேணாமெண்டு செல்லுற? கலியாண வீட்டுக்கெல்லாம் சும்மா செய்து குடுக்கன் தானே. இனி விக்கப் போறன்."

பகிடி இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. ஆனால் சாப்பாட்டுப் பொருள் விற்பதென்றால் குசினியைப் பரிசோதித்துப் பதிய வேண்டும். எங்கள் தெருவுக்குப் பொறுப்பான பி.எச்.ஐ. நான்தான். என் வீட்டுக்கு நானே சான்று கொடுக்க முடியாது. பணிமனையில் விசயத்தைச் சொன்னேன். பக்கத்துப் பிரிவு பி.எச்.ஐ.யை அனுப்பினார்கள். என்னோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவன், கூட்டாளி. மனைவி இரண்டு நாளாகக் குசினியைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள்.

அவன் குசினியைப் பார்த்தான். குறை ஒன்றும் இல்லை. பிறகு டோர்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். அங்கே நான் தென்னங்கன்றுகளுக்கு என்று மழைநீர் பிடித்து வைத்த பரல் ஒன்று இருந்தது. அதன் மூடி எப்போதோ உடைந்துபோயிருந்தது. வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு அவன் என்னைக் கூப்பிட்டான்.

"மச்சான், இஞ்ச வந்து பாரு."

தண்ணீருக்குள் நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. வீடுவீடாகப் போய் டெங்கைப் பற்றிக் கதைக்கிறவனின் வளவு அது. எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"நோட்டீஸ் எழுதத்தான் வேணும். கோவிக்காத" என்றான்.

"எழுதுங்க தம்பி, நல்லா எழுதுங்க. ஊருக்கெல்லாம் எழுதுற மனிசன், ஒருக்கா வாங்கியும் பாக்கட்டும்" என்றாள் மனைவி.

அன்றே பரலைக் கவிழ்த்தேன். ஒரு கிழமை கழித்து அவன் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் பதிவுக்கு ஒப்பமிட்டான்.

பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும், சனி ஞாயிறு வகுப்புகளுக்காக நான் கண்டிப் பக்கம் பஸ் ஏறுவேன். அதற்கு முன் காலையில் தேங்காய் துருவிப் பால் பிழிவது என் வேலை. மனைவி கருப்பட்டியைக் கரைத்து, முட்டை அடித்து, சின்னச் சின்னக் கோப்பைகளில் ஊற்றி அவித்தெடுப்பாள். முதல் மாதம் அயலவர்கள்தான் வாங்கினார்கள். பிறகு சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் ஆட்கள் கேட்டு வந்தார்கள். இடையில் முட்டை விலை ஏறியபோது கொஞ்சம் தளர்ந்தாள், ஆனால் நிறுத்தவில்லை. இரண்டாம் தவணை இழுத்துப் பறித்துத்தான் போனது. நோன்பு மாதம் வந்தது. நோன்பு திறக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வீடு வட்டிலப்பம் கேட்டார்கள். மூன்றாவதும் நாலாவதும் அந்த ஒரு மாதத்திலேயே சேர்ந்துவிட்டன.

ஆய்வுக் கட்டுரைக்கு, வீட்டு வளவுகளில் தண்ணீர் சேமிக்கும் பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். ஏன் இந்தத் தலைப்பு என்று விரிவுரையாளர் கேட்டபோது நோட்டீஸ் கதையைச் சொன்னேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பட்டமளிப்புக்கு மனைவி வரவில்லை. அன்றைக்குச் சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீட்டுக்கு வட்டிலப்பம் கொடுக்க வேண்டியிருந்தது. "வாக்குக் குடுத்திட்டன். நீங்க மகளக் கூட்டிட்டுப் போங்க, போட்டோவ நான் பாக்கன்" என்றாள். எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் அவள் சொன்னது நியாயம். மகளோடு போய், கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். மண்டபத்தில் கொடுத்த சாப்பாட்டைவிட அங்கியின் தொப்பி எவ்வளவு பாரம் என்பதைத்தான் மகள் உம்மாவிடம் விபரமாகச் சொன்னாள்.

படிப்பு முடிந்த பிறகு சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கிறது. மனைவி வேலையை விடவில்லை. உதவிக்கு அயல்வீட்டுப் பெண்கள் இருவரைச் சேர்த்திருக்கிறாள். சில மாதங்களில் அவளுடைய வருமானம் என்னுடையதை விடக் கூட. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.