தேசிக்காய்ப் புளி விட்ட நீலம்

அந்தச் சமையலறை எனக்குப் பின்னேரம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரைதான். அது அண்ணி படுக்கும் நேரம். வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி. வீடு அண்ணனுடையது, ஓவன் அண்ணியுடையது. கலியாணம் நடக்காத தங்கச்சி எனக்கு மூன்று மணித்தியாலம். கடல் காற்றுப் பட்டால் ஐசிங் கசியும் என்று ஜன்னல்களைப் பூட்டி, காற்றாடியையும் நிறுத்திவிட்டு அவிந்துகொண்டு நிற்பேன். அந்த மூன்று மணித்தியாலத்தில்தான் நான் யாருக்கும் வேலைக்காரி இல்லை.

என் கேக்கில் கடைக் கலர் இல்லை. பீட்றூட், மஞ்சள், கீரைச்சாறு, சங்குப்பூ, அவ்வளவுதான். அதற்காகத்தான் ஆட்கள் வந்தார்கள்.

பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு தாய் வந்தார். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்திய வீடு. பிள்ளையின் சாறிச் சட்டை தைத்து மிஞ்சிய துணித்துண்டை என் கையில் வைத்தார். கடும் நீலம்.

“கேக் இதே நிறத்தில வேணும் அக்கா. போத்தல் கலர் மட்டும் வேண்டாம். அது பட்டா பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிச்சிடும். அதுதான் உங்களிட்ட வந்தனான்.”

ஓம் என்றேன். மடைச்சி நான். சங்குப்பூவில் அந்த நீலம் சுலபமாக வராது.

மூன்று கிழமை பூப் பறித்து, நிழலில் காயவைத்து, கொஞ்சத் தண்ணீரில் போட்டுச் சுண்டக் காய்ச்சினேன். அண்ணி எட்டிப் பார்த்தார்.

“கேக் சுடுறியோ, கசாயம் காய்ச்சுறியோ? ரெண்டு துளி போத்தல் கலர் விடு. ஆர் கண்டது?”

“பிள்ளைக்குத் தடிக்குமாம் அண்ணி.”

“எல்லாம் தாய்மாரின்ர செல்லம்.”

சாறு நல்ல கடுமையாக வந்தது. முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சீனியும் அடித்து அதை ஊற்றினேன். துணியோடு வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே நீலம். சிரித்துக்கொண்டே தேசிக்காயை வெட்டி நாலு துளி பிழிந்தேன். இருபது வருஷமாக ஐசிங் இறுகுவதற்குப் பிழிகிற கை. புளி பட்டால் சங்குப்பூ நிறம் மாறும் என்பது எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. கண் முன்னாலேயே எல்லாம் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. அப்பச்சோடா போட்டுத் திருப்பப் பார்த்தேன். ஒரு கிண்ணம் பாசிப் பச்சையாகி நாறியது. பூவும் முடிந்தது. மிச்சமிருந்த கத்தரிப்பூ ஐசிங்கையே கேக்கில் பூசி வைத்தேன். தாய் வந்ததும் நடந்ததைச் சொல்வது என்று முடிவெடுத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் நான் குளித்துவிட்டு வர, கேக் கடும் நீலமாக நிற்கிறது. மேசையில் அண்ணியின் கலர் போத்தலும் பிரஷும்.

“உன்ர மானத்தைக் காப்பாத்திவிட்டனான்” என்றார்.

நான் வாய் திறக்க முன் மணி அடித்தது. தாய் உள்ளே வந்து துணியைக் கேக்கோடு வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“பூவிலயோ இவ்வளவு நிறம்! கையெடுத்துக் கும்பிட வேணும் அக்கா.”

அண்ணி எனக்குப் பின்னால் நின்றார். பேசினால் ஓவன் போகும். பேசாவிட்டால் அந்தப் பிள்ளை நாளைக்குச் சாறியோடு சொறிந்துகொண்டு மேடையில் இருக்கும்.

“பூ இல்லை. போத்தல் கலர்” என்றேன்.

கத்தியை எடுத்து ஐசிங் முழுவதையும் வழித்துக் குப்பையில் போட்டேன். நீலம் இறங்கிய மேல் கேக்கையும் சீவினேன். வெள்ளை ஐசிங் அடித்துப் பூசினேன். தாய் கதிரை நுனியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாமத்திய வீட்டுக்கு வெள்ளையோ அக்கா?”

“நீலமும் இல்லை, தடிப்பும் இல்லை. கொண்டுபோங்கோ.”

கொண்டுபோனார். கதவு சாத்தியதும் அண்ணி கத்தினார்.

“வீட்டு ஆளைக் கள்ளி எண்டு காட்டிப்போட்டாய்!”

அண்ணன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

இப்போது ஓவனுக்குள் அண்ணி சட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார். பின்னேரம் அவர் படுப்பதுமில்லை, சமையலறையில் கதிரை போட்டு இருக்கிறார்.

நேற்று அந்தத் தாய் போன் எடுத்தார். பிள்ளைக்கு ஒன்றும் செய்யவில்லையாம். மகனின் பிறந்தநாளுக்கு மஞ்சள் கேக் ஒன்று, இளமஞ்சளா, கடும் மஞ்சளா, நீங்களே பார்த்துச் செய்யுங்கோ என்றார்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். எங்கே சுடுவது என்று தெரியாது.